ஆளுக்கொரு வாள்

என் சம்பந்தி என்னை வெட்ட வாளோடு வருகிறார் என்று நான் நம்பினேன். சும்மா ஒரு நொடி அல்ல, முழுதாக முக்கால் மணி நேரம். அதில் கடைசிக் கால் மணி நேரத்தைக் கவிழ்த்துப் போட்ட ஒரு படகுக்கு அடியில் நண்டுகளோடு கழித்தேன். ஐம்பத்திரண்டு வயதும் தொப்பையும் உள்ளவன் படகுக்கு அடியில் நுழைவது எவ்வளவு சிரமம் என்று நுழைந்தவனுக்குத்தான் தெரியும். வெளியே வருவது அதைவிடச் சிரமம். அது பிறகு.

குற்றம் என் வாயுடையது. படகு இன்ஜின் பழுது பார்ப்பது என் தொழில். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குக் கூப்பிடு தூரத்தில், ஏரிக்கரையில் என் பட்டறை. ஸ்பேர் பார்ட் வரும்வரை இன்ஜினும் சும்மா இருக்கும், நானும் சும்மா இருப்பேன். இன்ஜின் சும்மா இருந்தால் யாருக்கும் ஆபத்தில்லை. நான் போனில் பழைய காலத்து வாள்களைப் பற்றிய வீடியோக்கள் பார்க்க ஆரம்பித்தேன். எந்த நாட்டு வாள், எப்படிப் பிடிக்க வேண்டும், எப்படி வீச வேண்டும். பத்து வீடியோ முடிந்ததும் எனக்கு ஞானம் பிறந்துவிட்டது. ஒருத்தன் ஐந்து நிமிடம் பேசினால் போதும், அவன் கையில் எந்த வாளைக் கொடுக்கலாம் என்று சொல்லிவிடுவேன்.

மீன் ஏலக்காரருக்கு ஜப்பான் வாள். அதை உறையிலிருந்து உருவுவதும் வெட்டுவதும் ஒரே வீச்சு. எங்கள் ஏலக்காரர் வாயைத் திறப்பது தெரியும், மூடும்போது கூடை கைமாறியிருக்கும். டீக்கடைக்காரருக்கு ஐரோப்பாவின் ஊசி வாள். அது வெட்டாது, குத்தும். "இன்னாபா, பொண்ணுக்கு நிச்சயம் முடிச்சிட்டியாமே? இனிமேனா சட்டைக்குப் பட்டன் போடு" என்பார். சிரித்துக்கொண்டே டீ குடித்துவிட்டு வருவோம், ரத்தம் வருவது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். ஊர்த் தலைவருக்கு மராட்டியர்களின் பட்டா. இரும்புக் கையுறையும் வாளும் ஒன்றாகவே செய்தது, மாட்டிக்கொண்டால் மணிக்கட்டை மடக்க முடியாது. தலைவரும் எதற்கும் மடங்கமாட்டார்.

"அப்போ எனுக்கு?" என்று கேட்டாள் மனைவி, அரிவாள்மனையில் மீன் நறுக்கியபடி.

பதில் அவள் காலுக்கு அடியிலேயே இருந்தது. உலகத்து வாளெல்லாம் எதிரியைத் தேடிப் போகும். அரிவாள்மனை எங்கும் போகாது. வைத்த இடத்தில் நிமிர்ந்து நிற்கும், எதிரிதான் தானாக வந்து இரண்டாவான். இருபத்தாறு வருடமாக நான் வந்துகொண்டிருக்கிறேன். இதைச் சொன்னேன். அவள் மறுக்கவில்லை.

"நைனா, உனுக்கு நான் சொல்லட்டா?" என்றாள் மகள்.

"சுருள்வாள்தானே?" என்றேன் ஆசையாக. பெல்ட் போல இடுப்பில் சுற்றி வைக்கும் வாள் அது. உருவினால் பாம்பு மாதிரி வளைந்து ஆடும். எங்கே படும் என்று வீசுகிறவனுக்கே தெரியாது. எல்லா வாளிலும் நான் பயந்து மதித்தது அதைத்தான்.

"இல்ல. கூத்துல ராஜா வெச்சினு ஆடுவாரே, ஜிகினா ஒட்டுன மரக்கத்தி. சத்தம் ஜாஸ்தி. வெட்டு ஒண்ணும் கிடையாது."

இதோடு நிறுத்தியிருக்கலாம். மகளுக்கு அப்போதுதான் நிச்சயம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீடு ஏரிக்கு அக்கரையில் ஒரு குப்பம். கடலுக்குப் போகும் குடும்பம். தை மாதம் கல்யாணம் என்று பேச்சு. மாப்பிள்ளையின் அப்பா, அதாவது என் சம்பந்தி, நிச்சயத்தன்று பேசியது மொத்தம் இரண்டு முறை. தட்டு மாற்றும்போது "சரி". கை கழுவும்போது "கொழம்பு நல்லாருந்திச்சி". அவ்வளவுதான். அப்படிப்பட்டவருக்கு ஒரு வாள் கண்டுபிடிக்காமல் எனக்குத் தூக்கம் வருமா? படகுக்காரர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் என் வாள் வரிசையைக் குரல் பதிவாகப் போட்டேன். கடைசியில் கைதட்டலுக்காக இதையும் சேர்த்தேன்: "எங்க சம்மந்தியும் வாளுதான்பா. ஆனா ஒறையிலயே துரு புடிச்சிகிச்சி. புட்ச்சி இஸ்த்தா கைப்பிடி மட்டும் தனியா வரும்."

சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்தன. நடுவில் ஒரே ஒரு கட்டைவிரல். யார் என்று பார்த்தேன். சம்பந்தியின் குப்பத்துக்காரர். அவசரமாகப் பதிவை அழித்தேன். அவசரத்தில் அழுத்திய பொத்தான் தப்பு. என் போனில் மட்டும் அழிந்தது, ஊரார் போனில் எல்லாம் பத்திரமாக இருந்தது.

அன்று சாயந்திரத்திலிருந்து மாப்பிள்ளையின் போன் வேலை செய்யவில்லை. மறுநாளும் இல்லை. தினமும் பேசுகிறவர்கள்.

"ஸ்விட்ச் ஆஃப்னே வருது நைனா" என்றாள் மகள். பிறகு என்னை நேராகப் பார்த்து, "நீ எதுனா பேசினியா?"

"நானா? நான் இன்னா பேசப் போறேன்?"

அவள் தட்டில் சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். மரக்கத்திக்கும் வெட்டு உண்டு என்று அப்போது தெரிந்தது. என் ஒரு நிமிடச் சிரிப்புக்கு அவள் கல்யாணம் போய்விட்டால், பிறகு நான் எந்த வாயால் சாப்பிடுவது?

மூன்றாம் நாள் காலை பட்டறையில் இருந்தேன். மனைவி போன் செய்தாள்.

"யோவ், சம்மந்தியம்மா பேசினாங்க. அவுரு கெளம்பிட்டாராம். வாள எத்துகினு நேரா உன் பட்டறையாண்டதான் வராராம்."

"இன்னாத்த எத்துகினு?"

"வாளய்யா! காதுல இன்னா, கிரீஸா?"

"எவ்ளோ பெருசு?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"நல்ல நீளமாம். பளபளனு கீதாம். மூணு."

"மூணா?"

"ஆளுக்கு ஒண்ணு. நீ அங்கயே இரு, எங்கனா ஓடிடாத."

எங்கள் வீட்டில் மூன்று பேர். மனைவியின் குரலில் ஒரு குதூகலம் வேறு. தனக்கும் ஒன்று வருகிறது என்பதைக்கூட மறந்து, எனக்கு வருவதில் அவளுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்தேன்.

பெரிய ஸ்பேனர் ஒன்றைக் கையில் எடுத்தேன். நீள வாள்காரனோடு மோதும்போது குட்டை ஆயுதக்காரன் நெருங்கிப் போக வேண்டும் என்பது வீடியோவில் படித்த பாடம். என் கால்கள் வேறு பள்ளிக்கூடத்தில் படித்தவை. அரை மணி நேரம் பட்டறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். ஏரியில் ஒரு படகு இன்ஜின் சத்தம் நெருங்கியது. என்ன இன்ஜின், எந்த வால்வு தட்டுகிறது என்பதெல்லாம் காதுக்குத் தெரிந்தது. உடம்பு அதற்குள் கவிழ்த்த படகுக்கு அடியில் இருந்தது.

அங்கே படுத்துப் பார்த்தால் கல்லறைத் தோட்டத்துச் சுவர் தெரிந்தது. வாளோடு வந்தவர்கள் எல்லோரும் கடைசியில் அங்கேதான் படுத்திருக்கிறார்கள். வாளுக்குப் பயந்து செத்தவனுக்கு அங்கே இடம் கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது இரண்டு கால்கள் வந்து நின்றன. கால்களுக்குப் பக்கத்தில் வெள்ளியாக மின்னியபடி கூரான முனைகள் தொங்கின. ஒன்று, இரண்டு, மூன்று. அவர் நகர்ந்தபோது அவை வளைந்து ஆடின.

வளைந்து ஆடின! சுருள்வாள்!

"சம்மந்தி?" என்றது குரல். அந்த நேரம் பார்த்து ஒரு நண்டு என் கட்டைவிரலைக் கவ்வியது. நான் கத்தினேன். அவர் குனிந்து உள்ளே பார்த்தார்.

"இன்னா சம்மந்தி, அடியில ஓட்டையா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்தது கதை. வாய் விட்டால்தானே?

"மன்னிச்சிக்கோங்க சம்மந்தி! தெரியாம பேசிட்டேன். துரு புடிச்ச வாளுன்னு சொன்னது நான்தான், எம் பொண்ணு இல்ல. என்ன இன்னா வேணா பண்ணுங்க, கல்யாணத்த மட்டும் நிறுத்திடாதீங்க!"

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"எங்க சொன்ன?"

"வாய்ஸ்ல... வாட்ஸ்ஆப்புல."

"எனுக்கு பட்டன் போனுதான்."

வெளியே வர அவர்தான் கை கொடுத்து இழுக்க வேண்டியிருந்தது. எழுந்து நின்றதும், இன்னொரு கையில் இருந்ததை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். செவுளில் கயிறு கோத்த மூன்று வாளை மீன்கள். இடுப்பு உயர நீளம், கத்தி போலத் தட்டை, வாலுக்கு வரும்போது ஊசி. வாள் என்ற சொல்லோடு 'ஐ' சேர்ந்தாலும் வாளை, இந்த மீனும் வாளை. அந்த 'ஐ'க்கு இரண்டாம் வேற்றுமை என்று பெயர், அதற்காகப் பள்ளியில் அடி வாங்கியிருக்கிறேன். எங்கள் கரையில் யாரைக் கேட்டாலும் மீன் என்றுதான் சொல்லியிருப்பார்கள். பத்து வீடியோ பார்த்தவனுக்குத்தான் அது ஆயுதம். மீன் வாசனைகூடவா தெரியவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் மீன் வாசனை வராவிட்டால்தான் மூக்கு எதையாவது கவனிக்கும்.

"புள்ள போனு கடல்ல உழுந்துட்ச்சி" என்றார் சம்பந்தி. "பொண்ணு பயந்துக்கும், போன்ல சொன்னா நம்பாது, நேர்ல போய் சொல்லிட்டு வானு சொன்னான். வெறுங்கையோட வர்றதானு இத்த எத்தாந்தேன்."

நிச்சயத்தன்று பேசியதைவிட இது பல மடங்கு. நான் கட்டைவிரலை ஊதிக்கொண்டிருந்தேன். அவர் படகின் மேல் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார்.

"அது துரு இல்ல சம்மந்தி. ஊட்ல உங்க சம்மந்தியம்மா பேசுவாங்க. ஒரு ஒறையில ரெண்டு வாளு நிக்குமா?"

சொல்லிவிட்டு மீனை என் கையில் கொடுத்தார்.

அன்று மனைவி மூன்றையும் அரிவாள்மனையில் நறுக்கிக் குழம்பு வைத்தாள். சம்பந்தி சாப்பிட்டுவிட்டு, "கொழம்பு நல்லாருந்திச்சி" என்றார். மகள் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டாள். மறுநாள் மாப்பிள்ளை வேறு போனிலிருந்து பேசினார். தை மாதம் கல்யாணம் நடந்தது.