ஞாயிற்றுக்கிழமை வரை வைக்கப்பட்ட ஆமைக்குஞ்சுகள்

விழிஞ்ஞத்துக்குத் தெற்கே ஒரு சிறிய கடற்கரையில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். பங்குனி ஆமை என்கிற சின்னக் கடலாமைகள் முட்டையிட வரும் மணல் அது. அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்து, இயற்கைக்குக் கேடில்லாத ஒரு சுற்றுலாவை அந்த ஊர்க்காரர்களைக் கொண்டே நடத்துவது என்று திட்டம். ஒருங்கிணைப்பாளராக என்னை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். நான் நகரத்தில் சாலை என்னும் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். விலங்கியல் படித்திருந்தேன். தமிழும் மலையாளமும் பேசுவேன். அந்தத் தகுதி போதும் என்று நினைத்தார்கள், நானும் நினைத்தேன்.

ஆமைகளைப் பற்றி உண்மையில் தெரிந்திருந்தவர் அந்தக் கரைக்கு வைத்திருந்த காவலாளிதான். குமரிக் கடற்கரையிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து தங்கிவிட்ட மீனவர், ஐம்பதைத் தாண்டியவர். இளவயதில் ஆமை முட்டைகளைத் தோண்டித் தின்றவர். அதை அவர் ஒளித்ததே இல்லை. வருகிறவர்களிடம் அவர் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்: "முட்டைக்க ருசி எனக்குத் தெரியும். அதான் காவலுக்கு என்னை வச்சிருக்காங்க." எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு கவனமாகக் கேட்பார்கள்.

முதல் வருடம் நன்றாகவே போனது. காலையில் பத்துப் பேருக்குமேல் விடமாட்டோம். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். நாய்கள் தோண்டாமலிருக்க அவர் எடுத்து வலைவேலிக்குள் புதைத்துவைத்திருந்த முட்டைகள் பொரிந்தால், குஞ்சுகளை அன்றைக்கே விட்டுவிடுவார். வருகிறவர்களுக்குக் குஞ்சு பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் வெறும் மணலையும் கடலையும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

வெறும் மணல் போதாது என்று அலுவலகத்தில் பேச்சு வந்தது இரண்டாம் வருடம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒரு குழி முழுக்கப் பொரிந்தது. ஞாயிற்றுக்கிழமை திட்டத்துக்குப் பண உதவி செய்கிறவர்கள் வெளியூரிலிருந்து வருவதாக இருந்தது. நான் சந்தோஷத்தில் மேலதிகாரிக்குப் போன் செய்து சொன்னேன். "அப்படியே வச்சிருக்கச் சொல்லு. ரெண்டு நாள்தானே, ஒண்ணும் ஆகாது கேட்டோ" என்றார் அந்தம்மா, பாதி மலையாளத்தில்.

காவலாளியிடம் வந்து சொன்னேன். அவர் வேலியருகே குந்தியிருந்தார்.

"வைக்கப்பிடாது மேடம். அதுக்க வயித்துல இருக்க மஞ்சக்கரு ரெண்டு நாளைக்குத்தான் காணும். அதை வச்சுத்தான் அலையைத் தாண்டி நீந்திப் போவும்."

"தண்ணித் தொட்டியில விட்டா?"

"தொட்டியில விட்டா கடல்னு நெனச்சு ஓயாம நீந்தும். பலம் அதோட தீந்து போவும்."

நானும் அதைப் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த மாதம் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. "அண்ணே, இந்த ஒரு தடவை" என்றேன். அவர் எழுந்து ஒரு நீலத்தொட்டியில் கடல்நீர் கொண்டுவந்து ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை பந்தல் போட்டிருந்தது. நாற்காலிகள் மணலில் புதைந்து சாய்ந்தன. தொட்டியை அலைக்குப் பக்கத்தில் கவிழ்த்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். சில குஞ்சுகள் ஓடின. சில நாலடி நகர்ந்து நின்றன. மற்றவை விழுந்த இடத்திலேயே துடுப்பை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தன. வந்தவர்களில் ஒரு பெண், "ஏன் போகமாட்டேன் என்கிறது?" என்று கேட்டாள். "களைப்பாறுகின்றன" என்றேன்.

காவலாளி முழங்கால் நீரில் இறங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டார். அலை அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டது. மறுபடி தள்ளினார். அதற்குள் விருந்தினர்கள் காபிக்குப் போய்விட்டார்கள்.

கார்கள் போனபிறகு காக்கைகளை விரட்டிக்கொண்டே செத்த குஞ்சுகளைப் பொறுக்கினோம். ஒன்று என் கைக்கு வந்தபோது இன்னும் உயிர் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. அவர் அதை வாங்கி மற்றவற்றோடு வைத்தார்.

"முட்டையைத் தின்ன காலத்துலகூட இதுங்க முன்னால நின்னு நான் கைதட்டினது இல்ல மேடம்" என்றார். குரலில் கோபம் இல்லை. வேலிக்கதவின் சாவியை என் கையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் வரவில்லை. இரண்டு முறை வீட்டுக்குப் போனேன். "கடலுக்குப் போயிருக்காரு" என்று மனைவி வாசலிலேயே சொன்னார். அவர் செருப்பு வாசலில் கிடந்தது.

நான் எழுதிய அறிக்கையில் நிகழ்ச்சி சிறப்பாக நடந்ததாக இருக்கிறது. ஓடிய குஞ்சுகளின் படம் திட்டத்தின் துண்டுப்பிரசுரத்தில் அச்சானது. என் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. இனிக் குஞ்சுகளை நிறுத்திவைக்கக் கூடாது என்று அடுத்த மாதம் கடிதம் எழுதினேன். கவனத்தில் கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது. பிரசுரத்தைப் பார்த்துவிட்டு ஆட்கள் பெருகினார்கள். கயிறு ஒருநாள் அறுந்தது, யாரும் திரும்பக் கட்டவில்லை. கரையோரம் தங்கும் விடுதிகள் வந்தன. வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழையில் கடல் ஏறி மணலை வாரிக்கொண்டு போனது. அதன்பின் வீடுகளைக் காப்பாற்றக் கரை நெடுகக் கருங்கல் கொட்டினார்கள். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வீடுகளில் ஒன்று காவலாளியுடையது. மூன்றாம் வருட முடிவில், இலக்குகளை எட்டிவிட்டதாகச் சொல்லித் திட்டத்தை மூடினார்கள்.

இப்போது கிழக்கேகோட்டையில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருக்கிறேன். போன தை மாதம் ஒரு காலை காவலாளியிடமிருந்து போன் வந்தது. அத்தனை காலத்துக்குப் பிறகு அவர் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

"மேடம், விடியக்காலம் ஒரு ஆமை வந்திச்சு. கல்லுல ஏறப் பாத்துது. முடியல. அந்தப் பக்கம் போய்ப் பாத்துது, அங்கயும் கல்லு. பொறவு திரும்பிப் போச்சு."

"முட்டை?"

"கடல்லயே விட்டிருக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "இதை ஆருகிட்ட சொல்லணும்?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். பழைய அலுவலகத்தைக் கூப்பிட்டேன். எடுத்த புது ஆளுக்கு அந்தக் கடற்கரையின் பெயரே தெரியவில்லை. மெயில் அனுப்புங்கள் என்றார். அன்றைக்கே அனுப்பினேன். பதில் வரவில்லை. அவரையும் நான் திரும்பக் கூப்பிடவில்லை.