ஒரு எல், இரண்டு பி

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டுதான் நான் எந்த வேலையையும் செய்வேன். அந்த புரோகிராமையும் அப்படித்தான் எழுதினேன், திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்தில் இருக்கும் ஆபீசுக்குப் போகிற ரயிலில், மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் பிரம்மதேசத்தில் அக்கா, எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்கிக் களத்தில் காயப்போட்டிருந்தாள். அடுத்த பட்டத்துக்கு விதையும் அதிலிருந்துதான். நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும். மழை வருமா என்று தினமும் என்னிடம் கேட்டாள். வானிலைத் தகவல் தரும் வெப் சர்வீஸ் ஒன்று இருந்தது. மாவட்டத்தின் பெயரை ஆங்கிலத்தில் அனுப்பினால் அன்றைய மழை, வெயிலைப் பட்டியலாகத் திருப்பி அனுப்பும். தினமும் காலையில் அதைக் கேட்டு, மழை உண்டா இல்லையா என்று அக்காவின் போனுக்கு ஒரே வரி அனுப்புவது என் புரோகிராமின் வேலை.

சென்னை என்று கொடுத்துப் பார்த்தேன். பட்டியல் வந்தது. விழுப்புரம் என்று மாற்றினேன். எல்லாம் சரி என்பதற்கான இருநூறு என்ற எண்ணோடு பதில் வந்தது, ஆனால் பட்டியல் காலி. ரயில் விழுப்புரத்தை நெருங்கிவிட்டது, பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து பையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். காலி என்றால் மழை கிடையாது, வேறென்ன? பட்டியல் காலியாக இருந்தால் ‘மழை இல்லை’ என்று அனுப்பு என ஒரு வரி எழுதி மூடினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதில் ஆத்திரக்காரியும் அடக்கம்.

இரண்டு நாள் மழையும் இல்லை, எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள் மதியம் ஆபீஸ் ஜன்னலில் வடக்கே கறுத்தது. உட்கார முடியவில்லை. சர்வீஸை நானே ஐந்தாறு முறை கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் இருநூறு, காலி. கடைசியில் மாவட்டப் பெயர்களையே தரும் இன்னொரு முகவரியைக் கேட்டேன். அதில் விழுப்புரத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு எல், இரண்டு பி. நான் கொடுத்திருந்ததோ ரயில் நிலையப் பலகையில் தினமும் பார்க்கிற இரண்டு எல், ஒரு பி. ஊரில் இரண்டையும்தான் எழுதுகிறோம், யாரும் அதற்காகச் சண்டை போட்டதில்லை. சர்வீஸின் எழுத்திலேயே கேட்டதும், பிற்பகல் இடியுடன் மழை என்றது.

அக்காவுக்கு நாலு முறை போன் போட்டேன். ஐந்தாவதில் எடுத்தாள்.

“காத்தால நீ அனுப்பினத பாத்துட்டுதான் தார்ப்பாய மடிச்சு வச்சுட்டு திண்டிவனம் வந்தேன். இப்போ பஸ்ல திரும்பிப் போய்க்கினு இருக்கேன். இங்கியே ஊத்துது.”

பர்மிஷன் போட்டுவிட்டு நேராகக் களத்துக்குப் போனேன். அக்கா சேற்றிலிருந்து மல்லாட்டையை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் நிற்கவில்லை. எல், பி, பட்டியல், இருநூறு எல்லாவற்றையும் நின்றபடியே கொட்டினேன். பழியை அந்த சர்வீஸ் மேல் போட்டுவிட வேண்டும் என்றுதான் இருந்தது.

அவள் நிமிராமல் கேட்டாள்.

“ஊர் பேரு அதுக்குப் புரியல. அது ஒண்ணுமே சொல்லாம சும்மா இருந்துச்சு. அப்போ மழ இல்லன்னு சொன்னது யாரு?”

“நான்தாங்க்கா.”

“விதைக்கு வச்சிருந்ததுடி,” என்றாள்.