முப்பத்துமூன்று மில்லிவாட்

மீட்டர் சோதனைக்கூடத்தில் அவளுக்கு சீல்காரம்மா என்று பெயர். வீடுகளிலிருந்து கழற்றி வரும் மின்சார மீட்டர்களை மேசையில் வரிசையாக மாட்டி, அளந்த மின்சாரத்தை உள்ளே செலுத்தி, மீட்டர் காட்டுவது சரிதானா என்று பார்த்து, சரியென்றால் ஈய சீல் வைப்பது அவள் வேலை. நூற்றுக்கு ஒன்று கூடக்குறைய ஓடினாலும் மீட்டர் திரும்பிப் போகும். மேலதிகாரி முறைத்தாலும் சரி, குழைந்தாலும் சரி, சீல் விழாது. "இந்தம்மா சாம்பிராணிப் புகையைக் கூட எடை போட்டுத்தான் நம்பும்" என்று கூட வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். இருபத்தாறு வருஷம் இப்படியே ஓடியது. வரன் ஒன்று வந்து தட்டிப்போனது, இன்னொன்று வந்தது, அதுவும் தட்டிப்போனது, பிறகு வருவதே நின்றுவிட்டது. அதற்காக அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவும் இல்லை.

அவளுக்கு இருந்த ஒரே கிறுக்கு ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் வாங்கி வீட்டிலிருந்தே வானலையில் பேசும் பொழுதுபோக்கு. அதிலும் நாலு பேர் போகிற வழி சீல்காரம்மாவுக்கு ஆகாது. உள்ளங்கை அகல ரேடியோவில் உலகம் முழுக்கப் பேசலாம் என்று இருக்க, இவள் போய்ப் பிடித்தது மிகக் குறைந்த அலைவரிசை. அங்கே ஒரு அலையின் நீளமே இரண்டு கிலோமீட்டருக்கு மேல். அதை ஒழுங்காக அனுப்ப ஐந்நூறு மீட்டர் உயரத்துக்குக் கம்பம் வேண்டும். இவளிடம் இருந்ததோ வாடகை வீட்டின் பின்னால் நட்ட பன்னிரண்டு மீட்டர் இரும்புக் குழாய், அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிய செம்புக் கம்பி. உள்ளே நானூறு வாட் தள்ளினால் மண்ணும் 'காயில்' என்கிற கம்பிச்சுருளும் சூடாகித் தின்றதுபோக வெளியே போவது ஒரு வாட்டுக்குள்தான். சரியாக எவ்வளவு என்பதைச் சொல்ல, வீட்டுக்குள் மாட்டி வைக்கிற மாதிரி எந்த மீட்டரும் கிடையாது. கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை எடுத்து, கம்பத்தின் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டு, உத்தேசமாக ஒரு எண்ணைச் சொல்லிக்கொள்வார்கள். ஊரார் மீட்டரிடமெல்லாம் கறாராக இருந்தவள், தன்னுடைய இந்த எண்ணை மட்டும் காகிதத்தோடு விட்டுவிட்டாள். மனுஷிதானே.

அந்த எண்ணின் மேல்தான் அவளுடைய பதினொரு வருஷம் நின்றுகொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டும்.

பதினொரு வருஷத்துக்கு முன் அவளுடைய அக்காவுக்குப் பித்தப்பையில் கல். சின்ன ஆபரேஷன், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். முந்தின நாள் சாயங்காலம் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். "ஏழரைக்கு உள்ள கொண்டுபோறாங்களாம். பயமா இருக்குடி. ஆறு மணிக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்." அந்த வாரம் முழுக்க இவள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவரோடு ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். இவள் விடியற்காலை நாலரையிலிருந்து தன் நிலையத்தின் பெயரான அழைப்புக்குறியை மோர்ஸில் அனுப்புவாள், ஒரு புள்ளிக்கு ஒரு நிமிஷம், ஒரு கோட்டுக்கு மூன்று நிமிஷம். அவர் கணினித் திரையில் கோடு விழுகிறதா என்று பார்ப்பார். அந்த வாரத்தில் இரைச்சல் அடங்கி வழி நன்றாக இருக்கும் என்று அவள் கணித்திருந்த ஒரே காலை ஆபரேஷன் அன்றுதான். பனி ஏறஏறக் கம்பியின் போக்கு மாறும், பக்கத்திலேயே உட்கார்ந்து காயிலைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், எழுந்து போக முடியாது. "எட்டு மணிக்கெல்லாம் வந்துடறேன்க்கா, நீ கண்ணு முழிக்கும்போது எதிர்ல நிப்பேன்" என்றாள்.

ஒன்பது மணிக்குப் போய் நின்றாள். அக்கா கண் விழிக்கவே இல்லை. மயக்க மருந்து கொடுத்த கொஞ்ச நேரத்தில் இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

மூன்றாம் நாள் அக்கரைக்காரரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் எழுத்துகள் எல்லாமே தெரிந்தன, வாழ்த்துகள். அதோடு முறையான ஒப்புகைச் சீட்டு, அலைவரிசை, நேரம், கையெழுத்து எல்லாம் போட்டு. அவள் அதை அச்செடுத்து மாமாவிடம், அதாவது அக்காவின் புருஷனிடம், கொண்டுபோய்க் கொடுத்தாள். எதற்குக் கொடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அதுவரை அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்த மாமா அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "சரி, அதாவது போய்ச் சேந்துதே" என்றார். அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் அதையும் சட்டம் போட்டு மாட்டினார். யாராவது கேட்டால், "அன்னிக்கு இவ வராததுக்குக் காரணம் இதுதான். கடல் தாண்டிப் போயிருக்கு" என்பார். அப்படித்தான் இரண்டு பேரும் மறுபடி பேச ஆரம்பித்தார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் வருவார், சாப்பிடுவார், குழாய் ஒழுகினால் சரிசெய்துவிட்டுப் போவார்.

இப்படி இருந்தபோதுதான் பக்கத்து அடுக்குமாடியில் ஒருவர், இந்தம்மா ரேடியோ போட்டால் என் படுக்கையறை விளக்கு மினுக்குகிறது என்று புகார் எழுதிப் போட்டார். உரிமம் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அனுமதி ஒரு வாட் மட்டுமே, உங்கள் நிலையம் வெளிவிடும் திறன் எவ்வளவு என்று அளந்து அனுப்புக.

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அவளைப் பார்த்து, நீ அளவுக்கு மீறிப் போகிறாய் என்று சொல்லியிருக்கிறார்! பழைய காகிதத்தை எடுத்து, இப்போதைய நானூறு வாட்டுக்குக் கணக்குப் போட்டாள். பூஜ்யம் புள்ளி எட்டு எட்டு. ஒரு வாட்டுக்கு ஒரு மயிரிழை கீழே. அதை எழுதி அனுப்பியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கடிதத்தில் 'அளந்து' என்று போட்டிருந்ததே. சீல்காரம்மாவிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் சும்மா இருப்பாளா?

அளப்பதற்கு முறை இருக்கிறது. ரேடியோவை விடாமல் ஓடவிட்டு, ஒரு கிலோமீட்டராவது தள்ளிப் போய், மரச்சட்டத்தில் கம்பி சுற்றிய லூப்பைத் தூக்கிப் பிடித்து, அங்கே எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்க வேண்டும். அதைத் தூரத்தோடு பெருக்கினால் எந்த இடத்தில் நின்றாலும் ஒரே விடை வர வேண்டும். மாமாவிடம் கார் இருந்தது. காய்ந்த மத்தியானமாகப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள்.

முதல் இடம் ஒரு கிடங்கின் காலி மனை. லூப் காட்டியது காகிதக் கணக்கோடு அச்சாகப் பொருந்தியது.

"பாத்தீங்களா மாமா!" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். பத்தடி தள்ளி நீளமாகக் கம்பி வேலி ஓடிக்கொண்டிருந்தது.

"என்னாச்சு?"

"இது செல்லாது. வேலி வாங்கித் திருப்பிக் கொடுக்குது. பேசுறது நான் இல்லை, வேலி."

"நல்லாத்தானே பேசுது? எழுதிக்கயேன்."

"சும்மா இருங்க மாமா."

அடுத்தது பள்ளிக்கூட மைதானம், ஒரு கிலோமீட்டர். ஐந்து வர வேண்டிய இடத்தில் ஒன்று வந்தது. லூப்பைத் திருப்பினாள், மின்கலத்தை மாற்றினாள், மாமாவை நாலு எட்டு பின்னால் போகச் சொன்னாள். ஒன்றுதான். ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் இரண்டு கிலோமீட்டரில் அரை. நாலு கிலோமீட்டரில், எதுவுமே இல்லாத வெட்டவெளியில், கால். மூன்று இடமும் ஒரே விடையைச் சொல்லின. இத்தனை ஒற்றுமையாக ஓடும் மீட்டர் மேசைக்கு வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சீல் வைத்திருப்பாள்.

கார் இருக்கையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். முப்பத்துமூன்று மில்லிவாட். தான் நினைத்ததில் இருபத்தாறில் ஒரு பங்கு. கம்பம் பன்னிரண்டு மீட்டர்தான், ஆனால் மூன்று பக்கமும் நிற்கிற நாலுமாடிக் கட்டடங்களுக்கு நடுவே அது இரண்டு மீட்டர் குச்சிக்குச் சமம். உயரத்தை அளந்தவள் சுற்றி இருப்பதை அளக்கவில்லை. அதுவும் இன்றைய நானூறு வாட்டுக்கு. பதினொரு வருஷத்துக்கு முன் இருந்தது நூறு வாட் பெட்டி. அப்படியானால் எட்டு மில்லிவாட். கடல் தாண்டிய மற்றவர்கள் ஒரு வாட்டை வைத்துக்கொண்டு மூச்சுத் திணறிப் போய்ச் சேர்ந்தவர்கள்.

கணக்கை முதலிலிருந்து மறுபடி போட்டுப் பார்த்தாள்.

"மாமா, அந்த நாலுமாடிக் கட்டடமெல்லாம் பின்னாடி வந்ததுதானே? அன்னிக்கு அங்க வெறும் மனைதானே இருந்துச்சு?"

மாமா அவளை விநோதமாகப் பார்த்தார். "என்னம்மா மறந்துட்டியா? அதுல மூணாவது மாடியிலதானே நானும் உங்க அக்காவும் இருந்தோம்."

அவள் நோட்டை மூடினாள். அக்கா துணி உலர்த்திக்கொண்டே மாடியிலிருந்து கூப்பிடுவது எப்படி மறந்துபோனது? மறக்க வேண்டியிருந்தது, மறந்துவிட்டாள்.

அன்று மாலையே அக்கரைக்காரருக்கு எழுதினாள். அந்தக் காலைப்பொழுதில் உங்கள் கணினித் திரையில் விழுந்ததன் படம் இருந்தால் அனுப்ப முடியுமா, ஒரு அளவுக்காகக் கேட்கிறேன். நாலு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் வந்தது. படம் எதுவும் இணைக்கவில்லை.

அந்த வாரம் நான் எதையும் பார்க்கவில்லை, என்று எழுதியிருந்தார். ஒரு கோடு கூட இல்லை. இல்லை என்று எழுதுவதற்காகத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் உங்கள் கடிதம் வந்தது. 'நான் அனுப்பிக்கொண்டிருந்தபோது என் அக்கா இறந்துவிட்டாள், ஏதாவது தெரிந்ததா?' என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு எப்படி இல்லை என்று சொல்வது? என்ன எழுத்துகள் என்று முன்பே சொல்லியிருந்தீர்கள், எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு எண்பத்தொரு வயதாகிறது. நீங்கள் எப்போதாவது அளப்பீர்கள் என்று நினைக்கவில்லை.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். அந்த மனிதர் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. கோபமாவது வந்திருக்கலாம். அக்கா பயமாக இருக்கிறது என்று கூப்பிட்டாள், இவள் தன் வீட்டுக் கொல்லைக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே நாலு மணி நேரம் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். நடந்தது அவ்வளவுதான்.

அலுவலகப் படிவத்தில் 0.033 என்று எழுதி, அளந்த இடங்களைக் குறித்து, கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அன்னிக்கு ஒரு மாதிரியா இருந்தியே. கம்மியா வந்துச்சுன்னா நல்லதுதானே, கேஸ் இல்லாம போகும்."

சொல்லாமல் விட்டிருக்கலாம். பதினொரு வருஷம் ஒருவர் விட்டாரே, அது மாதிரி. ஆனால் தப்பாக ஓடுகிறது என்று தெரிந்த ஒன்றின் மேல் சீல் வைக்க அவளுக்குக் கை வராது. அதுதான் அவளுடைய நல்ல குணம், அதுதான் அவளுடைய சாபம்.

"அன்னிக்கு அது போகலை மாமா. போயிருக்கவே முடியாது. அவர் என் மேல இரக்கப்பட்டு எழுதிக் கொடுத்திருக்கார்." மின்னஞ்சலையும் படித்துக் காட்டினாள்.

மாமா கேட்டுக்கொண்டார். கத்துவார் என்று நினைத்தாள். அவர் துண்டை மடித்தார், மறுபடி பிரித்தார், மறுபடி மடித்தார்.

"இத்தனை வருஷமா உன்கிட்ட ஒண்ணு சொல்லலை. அதான் கடல் தாண்டிப் போயிருக்கே, பாவம், இவளுக்கு அதாவது இருக்கட்டும்னு இருந்தேன்" என்றார். "ஏழரைக்குக் கொண்டுபோக வந்தாங்க. உங்க அக்கா விடலை. என் தங்கச்சி வந்துட்டு இருக்கா, அரை மணி நேரம் பொறுங்கன்னா. அந்த டாக்டரும் நல்ல மனுஷன், பொறுத்தார். எட்டு மணி வரைக்கும் வெச்சிருந்தாங்க."

அன்றைக்கு எட்டு மணிக்குக் கடைசி எழுத்து ஒன்று பாக்கி இருந்தது. அதை முடித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று அவள் உட்கார்ந்திருந்தாள்.

"கடைசியா என்ன சொன்னா மாமா?"

"ஒண்ணும் சொல்லலை" என்றார் மாமா. "கதவைப் பாத்துட்டே போனா."