எனக்கு மீசை முளைத்த வருஷம்

ஏலக்காட்டில் மருந்தடிப்பு முடிந்த கையோடு என் உடம்பெல்லாம் நீலம் நீலமாகக் கன்ற ஆரம்பித்தது. தண்ணீர் வாளியின் விளிம்பு தொடையில் இடித்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலம். அண்ணன் விளையாட்டாகத் தோளில் தட்டிய இடத்தில் விரல் விரலாக இன்னொன்று. பல் துலக்கினால் வாயெல்லாம் ரத்தம். எழுபதுகளின் பிற்பகுதி அது, எனக்கு அப்போது இருபது வயது. வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேர் இருந்தோம். அய்யா நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே தவறிவிட்டார். கம்பத்தில் எனக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு முடிந்ததும் கல்யாணம் என்று ஏற்பாடு.

மருந்தடிக்கும் நாட்களில் ஆண்கள் முதுகில் மருந்துப் பம்பைக் கட்டிக்கொண்டு செடிகளுக்கிடையே போவார்கள். ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து, டிரம்மில் வெள்ளைப் பொடியைக் கொட்டிக் கலக்குவது பெண்களின் வேலை. பொடி கட்டி கட்டியாக மிதக்கும். முழங்கை வரை கையை விட்டுப் பிசைந்தால்தான் கரையும். அந்த வாடையோடுதான் மதியச் சோற்றையும் தின்போம். இரண்டு பருவம் நான் அதைச் செய்தேன். ஒருநாள் காலை மேட்டில் ஏறும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. வாளியோடு விழுந்தேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் இரும்புச் சத்து டானிக் கொடுத்தார்கள். மறுவாரமும் விழுந்தேன். அண்ணன் ஜீப் பிடித்து, மலையிறங்கி, மேற்கே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

அங்கே என்னைக் குப்புறப் படுக்கவைத்து இடுப்பெலும்பில் ஊசி இறக்கினார்கள். நான்கு பேர் பிடித்துக்கொள்ள வந்தார்கள். பிடிக்க வேண்டாம், நானே கிடக்கிறேன் என்றேன். கட்டில் கம்பியைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். உறிஞ்சி இழுக்கும்போது வந்த வலி, உயிரையே நூலாகப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது.

என்னைப் பார்த்த டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மலையாளி. வெளிநாட்டில் சில வருஷம் படித்துவிட்டு வந்தவர். எங்களோடு பேசுவதற்கென்று ஒருவகைத் தமிழ் வைத்திருந்தார். அவர் வராந்தாவில் அம்மாவிடமும் அண்ணனிடமும் தணிந்த குரலில் பேசுவதைப் படுக்கையிலிருந்து பார்த்தேன். அம்மா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். அவர் வார்டுக்குள் வந்ததும் நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"நோக்காடு எனக்குத்தான சார். எங்கிட்டச் சொல்லுங்க."

 அவர் நர்ஸிடம் சொல்லி என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பரிசோதனை அறைக்குத் தள்ளிக்கொண்டு போகச் செய்தார். மைக்ராஸ்கோப்பில் முதலில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்துப் பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில் சிறியதும் பெரியதுமாகப் புள்ளிகள் நெருக்கியடித்துக் கிடந்தன. இது ஆரோக்கியமான ஒருவரின் எலும்பு மஜ்ஜை என்றார். அடுத்து என்னுடையதை வைத்தார். வெள்ளை வெள்ளையாக ஓட்டைகள். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி.

"ஓட்டையாத் தெரியுறது கொழுப்பு. பாக்கி ஒண்ணும் இல்லா. மனசிலாயோ?"

எலும்புக்குள்ளே தாய் அணுக்கள் என்று சில இருக்கின்றன, உடம்பிலுள்ள ரத்தம் முழுவதும் அவற்றிலிருந்துதான் நாள்தோறும் பிறக்கிறது, உனக்கு அந்தத் தாயே அழிந்துபோயிருக்கிறது என்று அவர் விளக்கினார். பூச்சிமருந்தால்தானா என்று கேட்டேன். சில விஷங்கள் அப்படிச் செய்யும் என்பது தெரிந்ததுதான், உன் விஷயத்தில் அதுதான் என்று சத்தியம் செய்ய என்னால் ஆகாது என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. வைத்தியம் என்ன என்றேன். வெளிநாட்டில் சில இடங்களில் கூடப்பிறந்தவர்களின் மஜ்ஜையை எடுத்து நோயாளியின் ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள், அது தானே எலும்புக்குள் போய்ப் பிடித்துக்கொள்கிறது, தான் அங்கே இருந்தபோது அருகிலிருந்து பார்த்திருப்பதாகச் சொன்னார். விதை விதைப்பது போல என்றார்.

"ஏலத்துக்கு வெதைய நம்பி உக்காந்திருக்க மாட்டோம் சார். பக்கத்துத் தூர்லருந்து ஒரு தட்டைய வேரோட பிரிச்சு நடுவோம். எங்கண்ணன் அந்தா வராந்தாவுல நிக்கான். அவங்கிட்டருந்து எடுங்க."

அவர் சிரிக்கவில்லை. அண்ணனுடையது பொருந்துமா என்று பார்க்கும் சோதனையே இங்கே இல்லை, பொருந்தினாலும் ஏற்றிய பிறகு வைத்துக் காப்பாற்றும் வசதி இந்த நாட்டில் எங்கும் இல்லை என்றார். அங்கே மனிதர்கள் செய்வதை இங்கே மனிதர்கள் ஏன் செய்யக்கூடாது என்று கேட்டேன்.  அவர் வெளிநாட்டிலிருந்த தன் பழைய ஆசிரியருக்கு என்னைப் பற்றி ஒரு கடிதம் எழுதுவதாகச் சொன்னார். எழுதவும் செய்தார்.

அதுவரை அடுத்தவர் ரத்தத்தில்தான் நான் பிழைத்திருக்க வேண்டும். அண்ணன் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றான். டாக்டர் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார். என்றைக்காவது அவன் மஜ்ஜையை வைக்க வாய்ப்பு வந்தால், இப்போது அவன் ரத்தத்தை ஏற்றுவது அதைக் கெடுத்துவிடக்கூடும் என்பது காரணம். அண்ணனுக்கு அது புரியவேயில்லை. தன் ரத்தம் மட்டும் ஏன் ஆகாது என்று இரண்டு நாள் கோபமாகத் திரிந்தான். மூன்றாம் நாள் லயத்துக்குப் போய், பம்படிக்கும் ஆட்களை ஒரு ஜீப் நிறைய ஏற்றிக்கொண்டு வந்தான். வேலையை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று சூப்பர்வைசர் தடுத்தாராம். அப்படியானால் நாளைக்கு ஒருத்தனும் பம்பைத் தொட மாட்டான் என்று இவன் சொன்னானாம்.

பக்கத்துக் கட்டிலில் எனக்கு வந்த அதே நோயோடு ஒரு பெண் இருந்தாள். பள்ளிக்கூடம் போகிறவள், பதினாறு வயது. அவளுக்கு ஒரு அக்காவும் இரண்டு தம்பிகளும். மூன்று பேரும் சாயங்காலம் வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். அவர்கள் வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரியும். மருந்து அங்கேதான் உட்கார்ந்திருந்தது. மூன்று உடம்பு நிறைய இருந்தது. எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தலைக்குள் ரத்தம் கசிந்து இறந்துபோனாள். அவள் அக்கா என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். 

வெளிநாட்டிலிருந்து பதில் வந்தது. அண்ணனோடு வந்தால் பார்ப்போம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். கிழக்கே கம்பத்தையும் மேற்கே இந்த ஆஸ்பத்திரியையும் தாண்டிப் போகாத எங்களுக்கு அந்தக் கடிதத்தை மடித்து வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. வீட்டுக்குப் போய்விடலாம், செத்தாலும் நம் மாதா கோயில் கல்லறை மண்ணில் கிடக்கட்டும் என்றாள் அம்மா. நான் வரமாட்டேன் என்றேன். வேறு ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்று டாக்டரைக் கேட்டேன். ஒரு மாத்திரை இருந்தது. சிலருக்கு மட்டும் கேட்கும், கேட்டாலும் மாதக்கணக்கில் ஆகும் என்றார். அதற்கு மேல் ஏதோ சொல்ல வந்தவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையசைத்து அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

என்ன பேசினார்கள் என்பது மூன்று மாதம் கழித்து எனக்கே தெரிந்தது. மேலுதட்டில் பூனைமயிராகத் தொடங்கியது கறுத்துத் தடித்தது. மோவாயிலும் வந்தது. குரல் உடைந்து அடித்தொண்டைக்கு இறங்கியது. ஆண்களின் உடம்பில் ஊறும் சத்தைத்தான் மாத்திரையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மஜ்ஜையில் மிச்சமிருக்கும் தாய் அணுக்களை அது உசுப்பிவிடுமாம். இரவல் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். சொன்னால் நீ தின்ன மாட்டாய் என்று அழுதாள். அழுதுகொண்டே, இத்தோடு போதும், நிறுத்திவிடலாம், மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிறார்கள் என்றாள்.

"மீசையோட மக வேணுமா, மண்ணுக்குள்ள மக வேணுமா? நீயே சொல்லும்மா."

 கொஞ்ச நேரம் கழித்து அம்மா டம்ளரில் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து நீட்டினாள்.

மாப்பிள்ளை வீட்டார் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார்கள். வருகிற அன்றைக்காவது சிரைத்துக்கொள் என்று அம்மா அண்ணனின் பிளேடைத் தேடி எடுத்து வைத்திருந்தாள். நான் அதைத் தொடவில்லை; கீறினால் ரத்தம் நிற்காது என்பது ஒரு காரணம். அது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். தலைவாரி, பொட்டில்லாத நெற்றியோடு, மீசையோடு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்ததும் பார்வையை ஜன்னலுக்குத் திருப்பினார். அவர்கள் தயங்குவதைப் பார்த்து நானே பேச்சை எடுத்தேன். என் உடம்பு எனக்குத் திரும்பி வருமா என்று தெரியவில்லை, வந்தாலும் இப்படித்தான் வரும், நீங்கள் வேறு இடம் பாருங்கள் என்றேன். என் குரலைக் கேட்டதும் அந்தப் பையன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அவனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் போனபிறகு போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு அழுதேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

நான்காம் மாதம் ரத்தம் ஏற்றும் இடைவெளி நீண்டது. ஆறாம் மாதம் ஏற்றத் தேவையே இல்லாமல் போனது. மறுபடியும் இடுப்பில் ஊசி இறக்கினார்கள். மறுபடியும் டாக்டர் மைக்ராஸ்கோப்புக்குக் கூப்பிட்டார். ஓட்டைகளுக்கு நடுவே ஊதாப் புள்ளிகள் கூட்டம் கூட்டமாகக் கிடந்தன. எது காப்பாற்றியது, மாத்திரையா, தானாகவேவா என்று கேட்டேன். தெரியாது என்றார். பிறகு, மாணவர்களுக்கு முன்னால் வந்து நிற்க முடியுமா என்று கேட்டார்.

சாய்வாக ஏறிப்போகும் பெஞ்சுகள் நிறைந்த அறை அது. டாக்டர் என்னைப் பேசச் சொன்னார். நான் வாயைத் திறந்ததும் பின்பெஞ்சில் ஒரு சிரிப்பு எழுந்து பரவியது. டாக்டரின் முகம் சிவந்தது. நான் கையைக் காட்டி அவரை நிறுத்தினேன்.

"சிரிச்சு முடிங்க. நான் நிக்கேன்."

அறை அடங்கியது. பக்கத்துக் கட்டில் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூன்று பேரைப் பற்றிச் சொன்னேன். அண்ணனைத் திருப்பி அனுப்பியதைச் சொன்னேன். இங்கே இல்லை, இங்கே ஆகாது என்பதையே எட்டு மாதம் கேட்டுவிட்டேன் என்றேன்.

"அடுத்து ஒருத்தி வந்து கெடப்பா. அவளுக்கு அக்கா கிட்டருந்து எடுத்து வைக்கப் படிச்சுட்டு வாங்க. சும்மா எரக்கப்படுறதுக்கு எங்க லயத்துலயே ஆளு இருக்கு."

யாரும் கைதட்டவில்லை. முன்பெஞ்சில் ஒரு பெண் எழுதிக்கொண்டே இருந்தாள். நம் நாட்டிலும் அந்த வைத்தியம் செய்தார்கள் என்று பத்திரிகையில் படித்தபோது எண்பதுகள் பிறந்திருந்தன. செய்தவர்களில் அந்த அறையில் இருந்தவர் யாரேனும் உண்டா என்று எனக்குத் தெரியாது.

ஊருக்கு வரும்போது டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். இந்தப் பெண் இனி பூச்சிமருந்தைத் தொடக்கூடாது என்பது மட்டும் அதில் இருந்தது. சூப்பர்வைசர் வாசித்துவிட்டு என்னைக் காய் உலர்த்தும் ஸ்டோருக்கு மாற்றினார். உனக்கு ரத்தமே பலவீனமான ரத்தம், இத்தனை பேர் கலக்குகிறார்கள், அவர்களுக்கு என்ன வந்தது என்றும் சொன்னார். அன்று நான் தாளை மடித்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன்.

அடுத்த மருந்தடிப்பின் முதல் நாள் காலை ஓடைக்கரைக்குப் போனேன். டிரம்மைச் சுற்றிப் பெண்கள் கையை மடக்கிக்கொண்டு நின்றார்கள். அண்ணனும் பம்புக்காரர்களும் வரிசையில் காத்திருந்தார்கள். நான் பொடி மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டேன். சூப்பர்வைசர் ஓடிவந்து எழுந்திருக்கச் சொன்னார்.

"நீங்க ஒருக்கா கைய விட்டுக் கலக்குங்க சார். நல்ல ரத்தந்தான உங்களுக்கு. கலக்குனா எந்திரிச்சுப் போயிருதேன்."

அவர் டிரம்மைப் பார்த்தார். என் மீசையைப் பார்த்தார். பெண்களில் மூத்தவள் தன் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அடுத்தவளும் உட்கார்ந்தாள். அண்ணன் பம்பைக் கழற்றிக் கீழே இறக்கினான். வெயில் மரங்களுக்கு மேலே ஏறும்வரை யாரும் அசையவில்லை. கடைசியில் அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். மதியத்துக்கு மேல், மருந்து கலக்குவதற்கு ஆளுயரத் துடுப்புக் கட்டைகள் நான்கும், ரப்பர் கையுறைகள் கொஞ்சமும் வந்திறங்கின. கையுறைகள் எல்லோருக்கும் போதவில்லை. இன்னும் வேண்டும் என்று மறுநாளும் போய் அதே மூட்டையின் மேல் உட்கார்ந்தேன்.