அவரிடம் மக்கர் பண்ணிய கார்

அறுபதுகளில், செஞ்சியில் என் மெக்கானிக் ஷெட்டுக்கு எதிரே இன்னொரு மெக்கானிக் இருந்தார். எந்நேரமும் வெள்ளைச் சட்டை. அதில் ஒரு சொட்டு கிரீஸ் இருக்காது. அதுவே எனக்கு எரிச்சல்.

டாக்டரின் பழைய பெட்ரோல் கார் சில சமயம் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தியது. என்னிடம் கொண்டுவந்தால் மட்டும் உடனே கிளம்பிவிடும். நானும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். கடைசியில் டாக்டர் அவரிடம் போனார்.

அவர் ஸ்பானரையே எடுக்கவில்லை. உச்சி வெயிலில் மேல்மலையனூர் வரை ஓட்டிவிட்டு வந்து, என் கண்ணெதிரே நிறுத்தினார். கார் மறுபடி கிளம்பவில்லை. பானெட்டைத் திறந்து, இக்னிஷன் காயிலின் மேல் ஈரத்துணியைப் போட்டுக் காத்திருந்தார், கிளம்பியது.

"எப்டிபா கண்டுபுடிச்ச?" என்றேன்.

"நான் இன்னா கண்டுபுடிச்சேன்? மக்கர் பண்ற வரைக்கும் ஓட்னேன். காயிலு சூடானா பிளக்குக்குக் கரண்டு போவல," என்றார், சட்டையைத் தட்டிக்கொண்டே.

கண்டுபிடித்ததைக்கூட மன்னித்துவிடுவேன். என்னிடம் ஒருநாளும் மக்கர் பண்ணாத கார், அவரிடம் போய்ப் பண்ணியதே!