பாலில் விட்ட எறும்பு

என் மகளுக்கு எட்டு மாதம் நடக்கும்போது, ஒரு நாள் அவள் என் பால் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சொல்லத் தெரியாத வயசுதான். ஆனால் ஒரு குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையால் மாரைத் தள்ளிவிட்டு, உடம்பை முறுக்கிக்கொண்டு கத்தினால் அதற்கு வேறு என்ன அர்த்தம்? நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். வீட்டில் இருந்தவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, இன்னும் கொஞ்சம் நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும் என்கிற இடத்தில் எங்கள் தோட்டம். நான் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வாழ வந்தவள். மாமியார், கணவரின் அண்ணன், அவர் மனைவி, நாங்கள் எல்லோரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. அந்த ஓரகத்தியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவளுக்கும் மடியில் ஒரு கைக்குழந்தை, பையன். கடலை பிடுங்குகிற காலம். ஆள் பற்றவில்லை என்று நானும் காட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

மகள் முதலில் எச்சில் ஒழுக்கினாள். பல் முளைக்கிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு உடம்பு கொதித்தது. அதன் பிறகுதான் இந்தக் கத்தல். பசியில் பறந்துகொண்டு வருவாள், இரண்டு வாய் உறிஞ்சுவாள், உடனே தேள் கொட்டின மாதிரி அலறுவாள். திரும்பவும் பசி, திரும்பவும் அலறல். அழுது அழுது தொண்டை கட்டிக் கடைசியில் பூனைக்குட்டி மாதிரி முனகினாள். அந்த முனகல்தான் எனக்குத் தாங்கவில்லை.

மாமியார் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காட்டுல இருந்து வந்து, மொதப் பாலப் பீச்சி உட்டுப்போட்டுத்தான குடுத்த?"

வெயிலில் வேலை செய்துவிட்டு வருகிறவளின் மாரில் நிற்பது சூட்டுப்பால். அதைச் சுவரில் பீய்ச்சிவிட்டு, கைகால் கழுவி, உடம்பு ஆறிய பிறகே பிள்ளையை எடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் அம்மா வீட்டிலும் அதுதான். நானும் தினமும் செய்கிறவள்தான். ஆனால் அந்த ஒரு நாள்? வாசலுக்கு வரும்போதே அவள் அழுதுகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றினேன், தூக்கினேன், அது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. பீய்ச்சினேனா என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஞாபகமில்லை என்று சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். பொய்க்கும் நேரங்காலம் தெரிய வேண்டுமே, எனக்கு அந்தச் சாமர்த்தியம் என்றைக்கும் இருந்ததில்லை.

பால் கெட்டுவிட்டதா என்று பார்த்துவிடலாம் என்றார் மாமியார். மாட்டுக் கட்டுத்தரைக்குப் பின்னால் என்னை உட்கார வைத்தார்கள். ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் என் பாலை நானே பீய்ச்ச வேண்டும். அதில் ஒரு எறும்பைப் பிடித்து விடுவார்கள். எறும்பு நீந்திக் கரையேறினால் பால் நல்ல பால். செத்தால் விஷம். எறும்பு பிடித்து வந்தவள் அக்கா. அவளும் மாமியாரும் என் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நான் ரவிக்கையை விலக்கிக்கொண்டு தலையைக் குனிந்து பால் பீய்ச்சினேன். மாட்டைக் கறக்கிறபோதாவது ஒரு வார்த்தை ஆறுதலாகப் பேசுவார்கள். எனக்கு அதுவும் இல்லை.

அக்கா விரலிலிருந்து எறும்பு கிண்ணத்தில் விழுந்தது. கட்டெறும்பு. விழும்போதே அதன் இடுப்பு நசுங்கியிருந்தது. நான் பார்த்தேன். சொல்லியிருந்தால் தப்பிக்கப் பார்க்கிறாள் என்பார்கள் என்று தோன்றியது. அதைவிட, என் பால் பிள்ளையைக் கொல்கிறதோ என்கிற பயம் ஏற்கனவே எனக்குள் வந்துவிட்டது. எறும்பு ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. அப்படியே மிதந்தது. மாமியார் திட்டவில்லை, கோபப்படவும் இல்லை. கிண்ணத்தை எடுத்துக் குப்பைமேட்டுப் பக்கம் ஊற்றிவிட்டுச் சாம்பல் போட்டுக் கழுவினார். அந்தச் சாம்பலைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் என் கணவரிடம் மல்லிகைப்பூ வாங்கி வரச் சொன்னார் மாமியார். பால் வற்ற வேண்டுமென்றால் மல்லிகையை மாரில் வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். பிள்ளை தவறிப்போன வீட்டில் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு எனக்குக் கட்டினார்கள். பழைய வேட்டியைக் கிழித்து முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டார்கள். அவள் அழும்போதெல்லாம் பால் தன்னால் சுரந்து, துணியை நனைத்து, ரவிக்கையையும் நனைத்தது. கடலைக்குக் கூலி வாங்க வந்த பெண்களுக்கு முன்னால் நான் முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு திரிந்தேன். பூவும் பாலும் சேர்ந்து புளித்த வாடை என்னோடேயே வந்தது.

இனி அக்கா பால் கொடுப்பாள் என்று முடிவானது. வாசலில் வெளிச்சத்தில் உட்கார்ந்து அக்கா என் மகளை மடியில் போட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். குடித்துவிட வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன், குடித்துவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். அவள் உறிஞ்சினாள், அலறினாள், அக்காவையும் அதே மாதிரி தள்ளினாள். அலறுகிற வாய்க்குள் வெயில் விழுந்தது. நாக்கின் ஓரத்தில், கன்னத்தின் உள்பக்கத்தில், அண்ணத்தில், சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். சிலதின் நடுவில் வெள்ளையாகக் கண் வைத்திருந்தது. இத்தனை நாளும் மூன்று பெண்கள் என் மாரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். ஒருத்திகூட அவள் வாயைத் திறந்து பார்க்கவில்லை.

இதோடு என் மேலிருந்த பழி இறங்கிவிடும் என்று நினைத்தேன். மாமியார் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சூட்டுப் பாலு வாயவே வேக வெச்சிருக்குது, பாரு."

எதைக் காட்டினாலும் அது எனக்கு எதிராகவே சாட்சி சொன்னது. நானும் நம்பினேன், அதைத்தான் இன்றைக்கு நினைத்தாலும் ஜீரணிக்க முடியவில்லை. ஆட்டுப்பாலை ஆற்றி, பாலாடைச் சங்கில் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். பாதி வெளியே வழிந்தது. அவள் கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. அவள் இடுப்புத் துணி ஈரமில்லாமல் கிடந்ததைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுக்குப் போகிற அளவுக்குக்கூட உள்ளே எதுவும் போகவில்லை.

என் கணவருக்குப் பேச்சுக் குறைவு. தலைக்கு வைக்கத்தான் பூ என்று நினைத்து வாங்கி வந்திருக்கிறார், பாவம். வீட்டில் பூ வாசம் அடிக்கிறது, என் தலையில் ஒரு மொட்டுகூட இல்லை. எங்கே வைத்தாய் என்று கேட்டார். நான் அழுதேன். கடைசியில் முந்தானையை விலக்கிக் கட்டைக் காட்டினேன். மனிதர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் காலையில் வண்டியைப் பூட்டி, கொழிஞ்சாம்பாறைக்கு டாக்டரிடம் போகிறோம் என்றார். மாமியாரும் கூடவே ஏறிக்கொண்டார்.

டாக்டர் மலையாளி. தமிழ் தட்டுத் தடுமாறிப் பேசுவார். கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தார். இப்போது நிறையப் பிள்ளைகளுக்கு இப்படி வருகிறது, தொத்திக்கொள்ளும், தானாக ஆறிவிடும், பயப்பட ஒன்றுமில்லை, உடம்பில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வாயில் தடவ ஊதா நிறத்தில் ஒரு மருந்து கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "முலப்பால் நிர்த்தருது, கேட்டோ?" என்றார். தாய்ப்பாலை நிறுத்திவிடக் கூடாது என்று அர்த்தம். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு ஆண்பிள்ளை. என் சேலைக்குள்ளிருந்து மல்லிகை வாடை அந்தச் சின்ன அறை முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. நான் தலையை ஆட்டினேன். நிறுத்த மாட்டேன் என்கிற மாதிரி. வாயைத் திறந்து, நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு சொல் சொல்ல என்னை வெட்கம் விடவில்லை.

வண்டியில் வரும்போது மாமியார், மலையாளத்து டாக்டருக்குக் கடலைக்காட்டு வெயிலைப் பற்றி என்ன தெரியும் என்றார். கட்டு அவிழவில்லை.

ஊதா மருந்து தடவிய உதட்டோடு, நாவல்பழம் தின்ற மாதிரி அவள் கிடந்தாள். காய்ச்சல் விட்டது. ஆட்டுப்பால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. புள்ளிகள் மங்க ஆரம்பித்தன. அவள் தேறிவிடுவாள் என்று தெரிந்தது. ஆனால் கட்டிய மார் இளகிக்கொண்டே வந்தது. இன்னும் இரண்டு நாள் போனால் அவள் கேட்டாலும் கொடுக்க ஒன்றும் இருக்காது. மாமியாரிடம் போய்க் கட்டை அவிழ்க்கட்டுமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் அக்காவின் பையன் பால் குடிக்க மாட்டேன் என்றான். என் மகள் தள்ளியது போலவே அவனும் அக்காவைத் தள்ளினான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இப்போது அந்தப் பித்தளைக் கிண்ணம் வருகிறதா பார்ப்போம் என்று இருந்தது. வரவில்லை. மாமியார் நேராக அவன் வாயைத் திறந்து பார்த்தார், புள்ளியைக் கண்டார், ஊதா மருந்தை எடுத்தார். டாக்டர் தொத்திக்கும்னு சொன்னாரே என்றார், எனக்கும் கேட்கும்படியாக. அவ்வளவுதான். எவருடைய பாலையும் எவரும் குறை சொல்லவில்லை.

சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். கட்டுத்தரைக்குப் பின்னால் அக்கா தனியாகக் குந்தியிருந்தாள். ரவிக்கை திறந்து கிடந்தது. முன்னால் அதே கிண்ணம், அதில் பால். அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவளே பீய்ச்சி, அவளே எறும்பு விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டும் திறக்கவில்லை.

"நீயே பாரு அம்மிணி. எனக்குப் பாக்கறதுக்குப் பயமா இருக்குது."

எறும்பு உயிரோடுதான் இருந்தது. கரை தெரியாமல் சுற்றிச் சுற்றித் தவித்துக்கொண்டிருந்தது. சாகட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு ஒரு வைக்கோலைக் கிள்ளி அதன் முன்னால் நீட்டினேன். பற்றிக்கொண்டு ஏறி, என் விரல் மேல் வந்து, அவசரமாக இறங்கி ஓடியது.

"ஏறிருச்சுங்கக்கா," என்றேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"அன்னிக்கு உனக்குப் புடிச்சாந்தது நசுங்கிப்போச்சு. அத்தை நிக்கறாங்கன்னு நான் வாயத் தொறக்கல."

எனக்கும் தெரியும் என்று சொன்னேன். பிறகு அவள் எழுந்து என் முதுகுப் பக்கம் வந்து, ரவிக்கைக்குள் கையை விட்டு முடிச்சைத் தேடினாள். நனைந்து காய்ந்து இறுகியிருந்ததால் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. பழுப்பாகிப்போன பூக்கள் கொத்தாக விழுந்தன. தொட்டித் தண்ணீரில் அங்கேயே கழுவிக்கொண்டேன்.

உள்ளே போய் மகளை எடுத்தேன். முதலில் முகத்தைத் திருப்பினாள். வலி ஞாபகம் இருந்திருக்கும். நான் வற்புறுத்தவில்லை. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. வாய் வலிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்த விதத்தில் அத்தனை நாள் சொன்னாள். நான் அவளை விட்டுவிட்டு ஒரு எறும்பை நம்பினேன். அவள் என் மாரை முகர்ந்தாள், மெல்ல வாயை வைத்தாள், அலறலை எதிர்பார்த்து நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அலறவில்லை. வெகுநேரம் வெறும் மாரைச் சப்பினாள். பிறகு ஒரு கூச்சம் மாதிரி உள்ளிருந்து பால் இறங்கியது, அவள் விழுங்கும் சத்தம் கேட்டது.

மாமியார் விளக்குத் திரியோடு உள்ளே வந்தவர் அப்படியே நின்றார். என் ரவிக்கை நனைந்து, நனைந்த இடமெல்லாம் அவள் வாயின் ஊதா பரவிக் கிடந்தது. அந்தச் சாயத்தை வைத்துக்கொண்டு மறைக்க ஒன்றுமில்லை. இருந்தும் பழக்கத்தில் என் கை முந்தானைக்குப் போனது, இழுத்து மூடினேன். மூடின துணி மூச்சை அடைத்ததோ என்னவோ, மகள் ஒரு கையால் அதைப் பிடித்து இழுத்து விலக்கிவிட்டு, மறுபடியும் குடித்தாள். மாமியார் பார்த்துக்கொண்டே நின்றார். நான் திரும்ப மூடவில்லை.