நிரை இல்லாத மாமா

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று வண்டிப்பெரியாரில் என் பெயரில் ஜீப்புகள் ஓடுகின்றன. வேலை கேட்டு வருகிற டிரைவரை முகத்தைப் பார்த்தே எடை போட்டுவிடுவேன், தவறியதில்லை. அதனால்தான், சில பட்டாளக்காரர்கள் மட்டும் ஏன் மற்றவர்களைவிட நன்றாகச் சண்டை போடுகிறார்கள் என்று டி.வி.யில் கோட்டுப் போட்டவர்கள் மணிக்கணக்கில் பேசும்போது எனக்குச் சிரிப்பு வரும். அந்தக் கேள்வியை நான் கால்சட்டை வயதிலேயே கேட்டுப் பதிலும் வாங்கிவிட்டேன்.

கேட்டது பட்டாளத்தில் இருந்த என் தாய்மாமாவிடம். சண்டை முடிந்த கையோடு லீவில் எங்கள் எஸ்டேட்டுக்கு வந்திருந்தார். லயத்து வரிசைவீட்டுப் பையன்கள் முன்னால் நான் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். ஆனால் மனுஷர் ஒரு கதைகூடச் சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மழையில்தான் அப்பாவுக்கு அடிபட்டது. மலைமேல் நிழல்மரம் கழித்துக்கொண்டிருந்தவரின் தொடைமேல் பெரிய கிளை விழுந்து எலும்பு முறிந்துவிட்டது. மண் சரிந்து வண்டிப்பாதையும் அடைபட்டிருந்தது. வழுக்குகிற தேயிலைச் சரிவில் ஆஸ்பத்திரிவரை தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

இரண்டு கம்புகளில் கம்பளியைக் கட்டி அப்பாவைக் கிடத்தினார்கள். எஸ்டேட்டிலேயே பலசாலிகள் நாலு பேர் தூக்கினார்கள்.

"நீ முன்னால போ லே."

"எனக்கு வழி தெரியாதாக்கும்? நீ ஒன் பக்கத்தத் தூக்கு!"

கொஞ்ச தூரத்திலேயே கம்பு சாய்ந்தது. அப்பா போட்ட அலறல் மலையெல்லாம் கேட்டது. இன்னொரு தடவை சாய்ந்தால் ஆள் தாங்கமாட்டார்.

"எறக்குங்க" என்றார் மாமா. அம்மா பக்கம் திரும்பினார். "அக்கா, ஒன் பக்கத்து நிரையில கொழுந்து எடுக்கிறவுகளக் கூப்பிடு."

நிரை என்பது தேயிலைச் செடிகளின் வரிசை. ஆளுக்கு ஒரு நிரை. அம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்தே பக்கத்துப் பக்கத்து நிரை.

"ஏன்யா பட்டாளத்தாரே, சண்டையிலயும் பொம்பளைகளத்தான் முன்னால அனுப்புவீகளோ?" என்று ஒருவர் கேட்க, அந்த நேரத்திலும் நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அதிலும் என் அம்மா, காலில் அட்டை ஏறினாலே ஊரைக் கூட்டுகிறவள்.

நாலு பெண்களும் கம்பைத் தோளில் வாங்கினார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. நடுவழியில் ஒருத்திக்குக் கால் வழுக்கியது. யாரும் சொல்லாமலே மற்ற மூவரும் முழங்காலை மடக்கித் தாழ்ந்து கொடுத்தார்கள். கம்பளி ஆடவில்லை. அம்மா வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்; நடை மட்டும் பிசகவில்லை.

அப்பா பிழைத்துக்கொண்டார். மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் மாமா தனியாக உட்கார்ந்திருந்தபோது என் கேள்வியைக் கேட்டேன்.

"மாமா, பட்டாளத்துல யாரு நல்லாச் சண்ட போடுவா? ஒசரமான ஆளா, குறி தப்பாமச் சுடுற ஆளா?"

"ஒங்கம்மா மாதிரி ஆளுடா."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். விடாமல், "அங்க ஒங்க பக்கத்து நிரையில யாரு?" என்றேன்.

"மூணு பேரு இருந்தானுக."

"இப்ப?"

வெளியே பார்த்தார். "இப்ப எனக்கு நிரையே இல்லடா."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கள் எஸ்டேட்டில் நிரை இல்லாமல் நின்று மற்றவர்களிடம் வேலை வாங்குகிறவர் ஒரே ஒருவர்தான்: கங்காணி. உள்ளே ஓடி, அப்பாவின் கட்டிலருகே நின்ற நாலு பெண்களிடமும் கத்தினேன். "மாமாவுக்குப் பட்டாளத்துல கங்காணி வேல கெடச்சிருச்சு! பக்கத்துல இருந்த மூணு பேரும் இப்ப இல்லையாம், மாமாவுக்கு நிரையே கெடையாதாம்!"

யாரும் சிரிக்கவில்லை. அம்மா வெளியே போய் மாமாவை ஒட்டி உட்கார்ந்தாள். மற்ற மூவரும் ஒவ்வொருவராக வந்து அந்தப் பெஞ்சிலேயே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கங்காணி பக்கத்தில் அவர்கள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது.